ஆழம் பார்க்க மெஷின் எதுக்கு?

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். இது இணையத்துல அடுத்தவனை வம்புக்கு இழுக்குற டிரோலிங் பத்தின பதிவு இல்லை. (அதுல நம்ம மக்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்கத் தேவையில்லை!) காசிமேட்டு விசைப்படகுங்க மடி வலையைப் போட்டு கடலடியை வாரிக்கிட்டு வர்ற டிராலிங்கும் இல்லை. அது வலை, இது தூண்டில். படகை மெதுவா ஓட்டிக்கிட்டே பின்னால ரெண்டு மூணு தூண்டிலை இழுத்துக்கிட்டுப் போறது. இரை நீந்திப் போற மாதிரி தெரியும், துரத்துற மீன் வந்து கவ்வும். வஞ்சிரம், சூரை, பாறை எல்லாம் இப்படித்தான் மாட்டும். அதிர்ஷ்டம் இருந்தா மயில் கோலா. எனக்கு இதுவரைக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை, அது வேற கதை.

விஷயம் என்னன்னா, எங்க ஆபீஸ்ல ஒரு நாலு பேர் கோஷ்டி. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஆணி புடுங்குவோம். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலம் திருவொற்றியூர் பக்கம் ஒரு அண்ணனோட ஃபைபர் படகுல கடலுக்குப் போவோம். நாலு பேர்ல ஒருத்தர் ரெண்டு வருஷம் அமெரிக்காவுல சிகாகோ பக்கம் ஆன்சைட்ல இருந்துட்டு வந்தவர். மிச்சிகன் ஏரியில சால்மன் புடிச்ச போட்டோ எல்லாம் வச்சிருக்கார். அவர்தான் ஆரம்பிச்சார்: "டவுன்ரிக்கர் இல்லாம டிரோலிங் பண்றது, கண்ணைக் கட்டிக்கிட்டு கார் ஓட்டுற மாதிரி மச்சி." ரெண்டு எலக்ட்ரிக் மெஷின், அதுக்கு பேட்டரி, பொருத்துற கூலி, கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல ஒரு எக்செல் ஷீட்டும் போட்டுட்டார். அதுல பாதியை அண்ணன் லோன் போட்டுக் குடுக்கணுமாம். ஏன்னா மெஷின் இருந்தா வேற ஆளுங்களையும் கூட்டிட்டுப் போய் சம்பாதிக்கலாமாம்.

அண்ணன் என்கிட்ட தனியா கேட்டார். "நீ இஞ்சினீர் படிச்ச புள்ள. சொல்லு தம்பி, வாங்கலாமா வேணாமா?"

வாட்ஸ்அப் குரூப்ல இதைப் பேசினா தம்ஸ்-அப்பும் ஸ்டிக்கருமா வந்து விழுது. அதனால இங்க உக்காந்து முழுசா எழுதறேன். என் கட்சி: வேண்டாம். நம்ம கடலுக்கு, நம்ம படகுக்கு, இந்தப் பணத்துக்கு, வேண்டாம்.

முதல்ல அந்த மெஷின் என்னன்னு தெரியாதவங்களுக்கு. படகோட பின்பக்கம் ஒரு சின்ன கிரேன் மாதிரி இருக்கும். அதுல எஃகு கம்பி, கம்பி நுனியில நாலஞ்சு கிலோ ஈயக்குண்டு. நம்ம தூண்டில் நரம்பை அந்தக் குண்டுக்குப் பக்கத்துல ஒரு கிளிப்புல மாட்டி, குண்டை இறக்கணும். மீட்டர்ல 60 அடின்னு காட்டுதா, இரையும் 60 அடிக்குப் பக்கத்துல ஓடும். மீன் கவ்வினதும் கிளிப்புல இருந்து நரம்பு விடுபட்டுடும், அப்புறம் குண்டோட பாரம் இல்லாம மீனோட மட்டும் மல்லுக்கட்டலாம். ரொம்ப அழகான யோசனை. அதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்லை.

ஆனா அது எந்தப் பிரச்சினைக்காகப் பிரபலமாச்சுன்னு பாருங்க. மிச்சிகன் ஏரியில சால்மன் ஆதியில இருந்து இருந்த மீன் இல்லை. கால்வாய் வழியா கடல்ல இருந்து ஏரிக்குள்ள வந்துட்ட ஏல்வைஃப்னு ஒரு சின்ன மீன் கணக்கு வழக்கில்லாம பெருகிடுச்சு. 1967 கோடையில அது செத்து கரை முழுக்க ஒதுங்கி நாறிப்போச்சு. அதைத் தின்னு கட்டுப்படுத்தத்தான் மிச்சிகன் மாநில மீன்வளத்துறையில இருந்த ஹோவர்ட் டேனர், பசிபிக் கரையில இருந்து கோஹோ சால்மன் முட்டையை வரவழைச்சு, 1966-ல குஞ்சுகளை ஆத்துல விட்டார். அடுத்த வருஷம் சினூக் சால்மன். விட்ட வேகத்துல அது கொழுத்து வளர்ந்து, ஊரே படகைத் தூக்கிக்கிட்டு ஏரிக்கு ஓடுச்சு.

அந்த ஏரியில கோடையில ஒரு சமாச்சாரம் நடக்கும். மேல் தண்ணி வெதுவெதுன்னு 20 டிகிரிக்கு மேல, அடித்தண்ணி ஃப்ரிட்ஜ்ல வச்ச மாதிரி. நடுவுல மெல்லிசா ஒரு எல்லை. சினூக் சால்மனுக்குப் பிடிச்ச வெப்பநிலை சுமார் 10-ல இருந்து 13 டிகிரி. அந்தக் குளிர்ச்சி எந்த ஆழத்துல இருக்கோ அங்கதான் அது சுத்தும், காத்து திசை மாறினா அந்த ஆழமும் மாறும். 25 அடி மேல இழுத்தா மீன் உங்களை எட்டிக்கூடப் பார்க்காது. அப்படிப்பட்ட இடத்துல அடிக்கணக்குல துல்லியம் வேணும், மெஷினும் வேணும்.

அதுவும் கட்டாயம் இல்லைங்கிறதுதான் வேடிக்கை. அதே ஏரியில, இன்னிக்கும், மெஷின் இல்லாம சால்மன் புடிக்கிறவங்க ஏகப்பட்ட பேர். நடுவுல ஈயக் கம்பி வச்சுப் பின்னின நரம்பு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு 10 கெஜத்துக்கும் கலர் மாறும். சால்மன் இழுக்குற வேகத்துல ஒரு கலருக்கு சுமார் 5 அடி இறங்கும்னு ஒரு கணக்கு. அஞ்சு கலர் விட்டா 25 அடி. முடிஞ்சுது. நண்பர்கிட்ட இதைச் சொன்னேன், "அது ஏழைங்க பண்றது" அப்படின்னுட்டார். ரைட்டு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். (சந்தையில காலா மீனை இந்தியன் சால்மன்னு சொல்லி விப்பாங்க. பேரைத் தவிர அதுக்கும் சால்மனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.) ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் நமக்கு எதிர்ல இருக்கறது மெதுவா ஆழமாகுற கடல். எங்க கோஷ்டி போற தூரத்துல 20, 30 மீட்டர் தண்ணியே பெருசு. மேல் தண்ணி வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட 27-ல இருந்து 30 டிகிரி. வஞ்சிரம் தெர்மாமீட்டர் பார்த்து நீந்துற மீன் இல்லை, சாப்பாட்டைப் பார்த்து நீந்துற மீன். கவலை மீன் கூட்டம் எங்கயோ அங்க அது. விடியக்காலம் மேலயே துள்ளும், வெயில் ஏறினா கொஞ்சம் கீழ போகும், பாறை இருக்குற இடமா பார்த்துச் சுத்தும். இங்க வேண்டியது மேலயா, நடுவுலயா, அடிக்குக் கொஞ்சம் மேலயா, அவ்வளவுதான். அதுக்கு மூணு திருகு நம்ம கையிலயே இருக்கு. எவ்வளவு கயிறு விடறோம், எவ்வளவு பாரம் கட்டறோம், எவ்வளவு வேகமா இழுக்கறோம்.

மெக்கானிக்கல் படிச்சுட்டு கோட் அடிக்கிற ஜாதி நான். ஃபுளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர் மொத்தமா என் வாழ்க்கையில உபயோகப்பட்டது இந்தக் கடல்லதான். தண்ணியோட இழுவை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். வேகம் ரெட்டிப்பானா இழுவை நாலு மடங்கு. கயிறு அதே, ஈயம் அதே, வேகத்தை மட்டும் ரெட்டிப்பாக்கினா ஆழம் பாதியோ அதுக்கும் கீழயோ வந்துடும். இது எல்லாத்தையும்விடப் பெரிய திருகு இதுதான். ஆனா நம்ம மக்கள் கடைசியாத்தான் இதைத் தொடுவாங்க, ஏன்னா கடையில விக்கிற சாமான் இல்லை பாருங்க.

அடுத்தது கயிறோட தடிமன். அரைக்கிலோ ஈயத்துக்கு இருக்குற இழுவையை விட, அதுக்குப் பின்னால 30 மீட்டர் நீளத்துக்குத் தண்ணியை அறுத்துக்கிட்டு வர்ற நரம்புக்கு இருக்குற இழுவை அதிகம். 0.9 மில்லிமீட்டர் நரம்புக்குப் பதிலா 0.3 மில்லிமீட்டர் பின்னல் நூல் போட்டா அந்த இழுவை மூணுல ஒரு பங்கு. ஈயத்தை ஏத்தாமலே இரை கீழ போகும். பாரத்துக்கு ஏன் ஈயம், கல்லு ஏன் இல்லைன்னு ஒரு பையன் கேட்டான். கருங்கல்லு கடல் தண்ணிக்குள்ள போனா அதோட எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல காணாமப் போயிடும். ஈயம் வெறும் 9 சதவீதம்தான் இழக்கும். அதோட ஈயம் அளவுலயும் சின்னது, தண்ணி பிடிச்சுத் தள்ள இடம் கம்மி.

சரி, எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு எப்படித் தெரியும்? படகுக்குப் பின்னால கயிறு தண்ணிக்குள்ள இறங்குற கோணத்தைப் பாருங்க. தண்ணி மட்டத்துல இருந்து 30 டிகிரி சாய்வுல இறங்குதா, விட்ட கயித்துல பாதி ஆழம். 15 டிகிரியா, கால்வாசி. 45-ஆ, பத்துக்கு ஏழு. ஸ்கூல்ல படிச்ச சைன் டேபிள்தான். நிஜத்துல கயிறு நேர்கோடா இருக்காது, வில்லு மாதிரி வளையும். ஈயத்துக்குப் பக்கத்துல செங்குத்தாவும் படகுகிட்ட படுத்த மாதிரியும் இருக்கும். அதனால படகுல இருந்து பார்த்துப் போடுற கணக்கை விட நிஜ ஆழம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அந்தப் பக்கம் தப்பினா பரவாயில்லை.

விட்ட கயிறு எவ்வளவுன்னு தெரியணுமே? இங்கதான் அண்ணன் வர்றார். அவருக்கு மீட்டரும் கிடையாது அடியும் கிடையாது. பாகம். ரெண்டு கையையும் அகல விரிச்சா ஒரு விரல் நுனியில இருந்து இன்னொரு விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம், கிட்டத்தட்ட 6 அடி. கயித்தை விடும்போதே விரிச்சு விரிச்சு எண்ணுவார். பேசிக்கிட்டே எண்ணுவார், பீடி பத்த வச்சுக்கிட்டே எண்ணுவார், கணக்கு மட்டும் தப்பாது. நான் சோம்பேறி. அதனால அஞ்சு பாகத்துக்கு ஒரு கலர் நூல் சுத்தி வச்சிருக்கேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நம்ம பாட்டிங்க சொன்னது காசுக்கு. கடல்ல போடுற கயித்துக்கும் அதேதான். மீன் கவ்வின அந்த நிமிஷம் வெளிய எத்தனை பாகம் இருந்துச்சுன்னு தெரியலைன்னா, அடுத்த மீன் வெறும் அதிர்ஷ்டம்.

போன பொங்கலுக்கு முன்னாடி ஒரு ட்ரிப். எங்க ஆள் ஒருத்தர் பதினஞ்சு பாகம் விட்டுட்டு ஒண்ணும் மாட்டலைன்னு இன்னும் விட்டுக்கிட்டே இருந்தார். அண்ணன் இன்ஜின் பிடியில இருந்து திரும்பிப் பார்த்தார். "இன்னா தம்பி, கயித்த வுட்டுக்கினே கீற? நான் இந்த ஓட்டு ஓட்னா நீ இன்னும் அம்பது பாகம் வுட்டாலும் மேலதான் மெதக்கும். இரு, இன்ஜின கொறைக்கிறேன்." கொறைச்சார். கயிறு நம்ம கண்ணு முன்னாலயே நிமிர்ந்துச்சு. அந்த மனுஷர் எட்டாங்கிளாஸ். வேகத்தோட வர்க்கம்னா அவருக்கு என்னன்னு தெரியாது, ஆனா அதை நாப்பது வருஷமா உபயோகப்படுத்திக்கிட்டு இருக்கார்.

வேகம்னதும் எல்லாரும் போனை எடுத்து ஜிபிஎஸ் பார்க்கறாங்க. அதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, இதை நான் அழுத்திச் சொல்லணும். ஜிபிஎஸ் காட்டுறது பூமிக்கு எதிரான வேகம். இரைக்குத் தெரியறது தண்ணிக்கு எதிரான வேகம். நம்ம கடல்ல நீரோட்டம் சும்மா இல்லை. கோடைக்கு முன்னாடி தெக்குல இருந்து வடக்கே ஓடும், ஐப்பசி கார்த்திகையில வடக்குல இருந்து தெக்கே ஓடும். தெக்குல இருந்து வர்றதைத் தெண்டின்னும் வடக்குல இருந்து வர்றதை வன்னின்னும் சொல்லுவாங்க. ஒரு நாட் வேகத்துல நீரோட்டம் வடக்கே போகுதுன்னு வைங்க. நீங்க எண்ணூர் பக்கமா ஜிபிஎஸ்ல 4 நாட் போனா தண்ணிக்கு எதிரா 3 தான். திரும்பி ராயபுரம் பக்கமா அதே 4 நாட் போனா தண்ணிக்கு எதிரா 5. மேல சொன்ன வர்க்கக் கணக்குப்படி இழுவை 9-க்கு 25. போகும்போது பாறைக்குப் பக்கத்துல ஓடின இரை வரும்போது கடல் காக்கா கொத்துற உயரத்துல ஓடும். போன் மட்டும் ரெண்டு தடவையும் 4-ன்னு காட்டும். கயிறோட சாய்வைப் பார்க்கறவனுக்கு இந்தக் குழப்பமே வராது. நீங்க மெஷின் வாங்கினாலும் இந்தப் பிரச்சினை தீராது, ஏன்னா வேகமான ஓட்டத்துல குண்டும் பின்னால போய் சாயும், மீட்டர் காட்டுறது கம்பி நீளத்தை மட்டும்தான்.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வித்தை. படகை வளைக்கும்போது வளைவுக்கு உள்பக்கம் இருக்குற தூண்டில் வேகம் குறைஞ்சு இறங்கும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுத்து ஏறும். வளைவுல உள்பக்கத்துல கடிச்சா மீன் கீழ இருக்குன்னு அர்த்தம், இல்லைன்னா மெதுவா வேணும்னு அர்த்தம். வெளிப்பக்கத்துல கடிச்சா நேர் எதிர். ஒரு ரூபா செலவில்லாத ஏ/பி டெஸ்டிங்! அதனாலதான் அண்ணன் நேரா ஓட்டவே மாட்டார், எட்டு போட்டுக்கிட்டே போவார். புதுசா வந்தவங்க குடிச்சிருக்காரோன்னு நினைப்பாங்க :-)

ஆழத்தைச் சரிபார்க்கணும்னா மணல் தரையா இருக்குற இடத்துல ஒரு தடவை ஈயம் தரையில தட்டற வரைக்கும் கயிறு விட்டுப் பாருங்க. டொக்கு டொக்குன்னு கைக்குத் தெரியும். அந்த இடத்து ஆழம் தெரியும், விட்ட பாகம் தெரியும், இன்ஜின் சத்தம் தெரியும். இந்த மூணையும் ஒரு நோட்டுல எழுதிக்கங்க. நாலு தடவை பண்ணினா உங்க படகுக்குன்னு ஒரு டேபிள் ரெடி.

ஈயமே வேண்டாம்னாலும் வழி இருக்கு. முன்னால தகடு வச்ச பொய் மீனுங்க. தண்ணி அந்தத் தகட்டுல மோதி மூக்கைக் கீழ அமுக்கும், தானாவே முங்கும். ராபாலாவோட பெரிய மாடல் ஒண்ணு 30 அடி வரைக்கும் போகும். அந்தக் கம்பெனி ஆரம்பிச்ச லாரி ராபாலா ஃபின்லாந்துல ஒரு ஏழை மீனவர். 1936-ல தக்கையைச் செதுக்கி, பளபளப்புக்கு ஈயத்தாள் ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கி மேல பூசித்தான் முதல் பொய் மீனைச் செஞ்சார். அதை வச்சு அவர் ஏரியில துடுப்புப் போட்டுக்கிட்டே இழுத்தார். கவனிங்க, இன்ஜின்கூட இல்லை. இன்னிக்கு அவர் பேர் போட்ட பொய் மீனை வாங்க நம்ம ஆளுங்க இஎம்ஐ போடறாங்க.

இவ்வளவும் சொன்னதுக்கு அப்புறம் நண்பர் தரப்பையும் சொல்லணும், இல்லைன்னா அது நியாயம் இல்லை. உயிர் இரையை 40 மீட்டர்ல, மெல்லிசு நரம்புல, ஒரே மட்டத்துல மணிக்கணக்கா வச்சிருக்கணும்னா டவுன்ரிக்கருக்கு ஈடு எதுவும் இல்லை. கயித்துல ஒரு கிலோ ஈயம் கட்டிட்டு மீனோட சண்டை போட்டா பாதி சந்தோஷம் போயிடும், அதுவும் உண்மை. (அதுக்கும் ஒரு ஏழை வைத்தியம் இருக்கு. தனிக் கயித்துல ஈயத்தை இறக்கி, தூண்டில் நரம்பை அதோட ஒரு ரப்பர் பேண்டால கட்டிடுங்க. மீன் இழுத்ததும் ரப்பர் அறுந்துடும். அஞ்சு ரூபா கிளிப்.) பெரிய படகு, ரெண்டு பேட்டரி, ஆழமான கடல், செலவு பண்ண மனசு, எல்லாம் இருக்குறவங்க தாராளமா வாங்கட்டும்.

எங்க அண்ணனோட படகு அது இல்லை. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற அவுட்போர்டு மோட்டார், படகுல பேட்டரியே கிடையாது. அதை விட முக்கியமான விஷயம், காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் தண்ணிக்கு அடியில என்னென்ன கிடக்குதுன்னு கொஞ்சம் யோசிங்க. அறுந்த வலை, பழைய நங்கூரம், இரும்புக் குப்பை, மிதவை தெரியாம யாரோ விரிச்ச வலை. கைத்தூண்டில் மாட்டினா கத்தியால ஒரு அறு, போச்சு ஒரு ஈயம். எஃகு கம்பி மாட்டினா? 70 கிலோ இழுத்தாலும் அறாத கம்பி அது. படகு முன்னால ஓடிக்கிட்டு இருக்கு, பின்பக்கத்தைக் கம்பி கீழ இழுக்குது, பின்னால இருந்து அலை வருது. சின்னப் படகுக்கு இது விளையாட்டு இல்லை. அடுத்தவர் வலையில மாட்டி இழுத்துக்கிட்டு வந்துட்டா அந்த நஷ்டத்துக்கு யார் பதில் சொல்றது? நாம ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்துடுவோம். அண்ணன் திங்கக்கிழமையும் அதே ஆளுங்க முகத்துலதான் முழிக்கணும்.

மேல கப்பல்ங்க வேற. சென்னைத் துறைமுகம், எண்ணூர்ல காமராஜர் துறைமுகம், பக்கத்துலயே காட்டுப்பள்ளி. மூணுக்கும் கப்பல் வந்து போற பாதைக்குப் பக்கத்துலதான் நம்ம வண்டி ஓடுது. ஒரு கண்டெய்னர் கப்பல் உங்களைப் பார்த்துட்டு பிரேக் போட முடியாது, நிக்கறதுக்கே கிலோமீட்டர் கணக்குல தூரம் வேணும். பின்னால கம்பியும் குண்டும் இறங்கி இருக்கு, மோட்டார் சுத்தி மேல ஏறணும், அதுவரைக்கும் படகைச் சட்டுனு திருப்ப முடியாது. கைக்கயிறா இருந்தா அறுத்துட்டு ஓடிடலாம்.

சால்மன் கதையில நண்பர் சொல்லாத ஒரு பக்கமும் இருக்கு. 1967 செப்டம்பர் 23. கோஹோ மீன் பைத்தியம் ஊரையே ஆட்டிவச்ச சமயம். சின்னப் படகுங்க வரவேண்டாம்னு எச்சரிக்கை இருந்தும் நூத்துக்கணக்குல மிச்சிகன் ஏரியில இறங்கினாங்க. காத்து கிளம்பிடுச்சு. ஏழு பேர் செத்தாங்க. ஏரிதானேன்னு போனவங்க. வங்காள விரிகுடா நமக்கு அதை விட அதிகமாவே காட்டியிருக்கு.

இப்ப அந்த எக்செல் ஷீட்டுக்கு வரேன். ஒன்றரை லட்சத்துக்கு மேல போட்டிருக்கே, அந்தப் படகுல லைஃப் ஜாக்கெட் எத்தனைன்னு எண்ணினீங்களா? ரெண்டு. நாம போறது அண்ணனையும் அவர் கூட வர்ற பையனையும் சேர்த்து ஆறு பேர். மாத்து இன்ஜின் கிடையாது. விஎச்எஃப் ரேடியோ கிடையாது, போன்ல சிக்னல் போனா நாம யாரோ. ஆறு நல்ல லைஃப் ஜாக்கெட், ஒரு ரேடியோ, செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன இன்ஜின், ஒரு முதலுதவிப் பெட்டி. நம்ம நாலு பேர் பங்கை மட்டும் போட்டாலே இதுல முக்காவாசி முடியும். மிச்சத்தை ரெண்டு மூணு மாசத்துல முடிக்கலாம். அண்ணன் ஒரு பைசா கடன் வாங்க வேண்டாம்.

அந்தக் கடன்தான் என்னை உறுத்துது, ஒளிக்காம சொல்லிடறேன். இந்தக் கரையில ஒரு சின்னப் படகுக்காரர் வருமானம் எந்த நாள் நிக்கும்னு அவருக்கே தெரியாது. 2017 ஜனவரி 28-ல காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு, வாளியால அள்ளினாங்களே, ஞாபகம் இருக்கும். அப்ப ஊர்ல மீன் வாங்க ஆள் இல்லை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்துல படகும் வலையும் கறுப்பாகிப் போச்சு. புயல் எச்சரிக்கைன்னா வாரக்கணக்குல கரையில உக்காரணும். இப்படி ஓடுற பொழப்புல, மாசம் ஒருநாள் வர்ற நாலு சாப்ட்வேர்காரனை நம்பி மாசத் தவணை கட்டச் சொல்றது எந்த ஊர் நியாயம்? நமக்கு ஆன்சைட் வந்தா நாம போயிடுவோம். (வரட்டும், வரட்டும்.) தவணை எங்கயும் போகாது.

"மெஷின் இருந்தா டூரிஸ்ட் வருவாங்க" அப்படின்னு ஒரு வாதம். வரலாம். ஆனா வர்றவங்க மெஷினுக்காக வரமாட்டாங்க, மீனுக்காக வருவாங்க. மீன் எங்க இருக்கும்னு சொல்றது அண்ணன். அனல் மின்நிலையப் புகைபோக்கியையும் துறைமுகத்துக் கிரேனையும் ஒரே கோட்டுல வச்சுப் பார்த்து, "இங்க பார் இருக்கு, இன்ஜினை கொறை"ன்னு சொல்றாரே, அதை எந்தக் கடையிலயும் விக்கலை. அவரோட பையன் இப்ப கண்டெய்னர் யார்டுல வேலைக்குப் போறான், சம்பளம் ஒண்ணாந்தேதி வந்துடுது, அவனைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நானே கடல்கிட்ட பொறந்துட்டு கண்ணாடிக் கட்டடத்துல உக்கார்ந்திருக்கறவன்தான். அதனாலதான் நாங்க ஒரு ட்ரிப்புக்குக் குடுக்குற பணத்தை இந்த மாசத்துல இருந்து கூட்டணும்னு நான் சொல்றேன். டீசல், ஐஸ், கூலி எல்லாம் கணக்குப் போடறோம். வழி சொல்றதுக்கும் ஆழம் சொல்றதுக்கும் இதுவரைக்கும் ஒரு பைசா போட்டதில்லை. மெஷினுக்குக் குடுக்கத் தயாரா இருந்த மனசு மனுஷனுக்குக் குடுக்கும்போது மட்டும் ஏன் சுருங்கணும்?

அண்ணனுக்கு என் பதிலைச் சொல்லிட்டேன், வாங்க வேண்டாம்னு. அவர் "சரி தம்பி"ன்னுட்டு வலையைத் தைக்க உக்காந்துட்டார். கோஷ்டியில ஓட்டு இப்போதைக்கு ரெண்டுக்கு ரெண்டு. அமெரிக்க நண்பர் இன்னும் விடலை, மெஷினோட வீடியோவா அனுப்பிக்கிட்டு இருக்கார். அவருக்கு ஒரு பந்தயம்: அடுத்த ட்ரிப்புல ஒரு பக்கம் அவர் சொல்ற ஆழத்துல அவர், இன்னொரு பக்கம் கலர் நூல் கட்டின என் கயிறு, நடுவுல அண்ணன் எட்டு போடட்டும். தோத்தவங்க லைஃப் ஜாக்கெட் வாங்கணும். ஜெயிச்சவங்களும் ஒண்ணு வாங்கணும்.

அங்கே போய் மெஷின் வச்சு சால்மன் புடிச்சவங்க யாராவது இதைப் படிச்சா, மெஷின் இல்லாத நாள்ல என்ன பண்ணீங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. நம்ம கரையில பாகம் எண்ணத் தெரிஞ்ச பெரியவங்க உங்க வீட்டுல இருந்தா, அவங்ககிட்ட கேட்டும் எழுதுங்க. நூல் கலருக்கு யோசனையும் சொல்லலாம். நீலத்தை மட்டும் வேண்டாம், தண்ணியில தெரிய மாட்டேங்குது.